மட்டக்களப்புத் தச்சர்களும் செய்யப்படாத கிற்றார்களும்

2019ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி கொழும்பில் ஓர் உலக மாநாடு ஆரம்பித்திருக்க வேண்டும். அழிந்துவரும் விலங்குகள், தாவரங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் 18ஆவது மாநாடு அது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது ஒத்திவைக்கப்பட்டு, ஒகஸ்ட் 17 முதல் 28 வரை ஜெனீவாவில் நடந்தது. அந்த உயிர்த்த ஞாயிறன்று தாக்கப்பட்ட இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அந்தத் துயரத்தின் நடுவே ஒரு மாநாடு கைநழுவிப் போனதைப் பற்றிக் கவலைப்பட இங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது.

ஆனால் அந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் யானைத் தந்தம், சுறா போன்றவற்றுக்கு இடையே, உலகின் கிற்றார் பட்டறைகள் எல்லாம் எதிர்பார்த்திருந்த ஒரு விடயம் இருந்தது. 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய முந்தைய மாநாடு, ஈட்டி மரம் அடங்கிய 'டல்பேர்ஜியா' பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீனாவில் ஈட்டி மரத் தளபாடங்களுக்கு எழுந்த பெரும் கேள்விதான் காரணம். அடிபட்டதோ வாத்தியம் செய்பவர்களும். நீலகிரி ஈட்டியில் முதுகும் பக்கமும் செய்த ஒரேயொரு கிற்றாரை கிரனடாவிலிருந்து நியூயோர்க்குக்கு விற்பதற்குக்கூட அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டியதாயிற்று. ஜெனீவாவில், முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 1992 முதல் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கும் பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

கொழும்பில் நடந்திருந்தால் அந்தத் தீர்மானம் 'கொழும்புத் தீர்மானம்' என்று பெயர் பெற்றிருக்கும். நமது பத்திரிகைகளும் ஒரு பந்தியாவது எழுதியிருக்கும். கிற்றாருக்கும் இலங்கைக் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது ஒருவர் கேட்டுமிருக்கலாம். தொடர்பு இருக்கிறது. கிற்றாரின் விரற்பலகைக்கு, அதாவது இடக்கை விரல்கள் ஓடும் அந்தக் கறுத்த நீண்ட பலகைக்கு, மிகச் சிறந்த மரங்களில் ஒன்றாக ஐரோப்பியர் எண்ணியது நம் உலர்வலயக் காடுகளின் கருங்காலி. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் அது கப்பல் கப்பலாகப் போனது. இன்று அதை வெட்டவும் முடியாது, ஏற்றுமதி செய்யவும் முடியாது. அது சரியான தடை என்பதே என் நிலைப்பாடு. இந்தக் கட்டுரை அதைத் தளர்த்தச் சொல்வதற்கல்ல.

நான் கேட்பது வேறு. மரம் இருந்த ஊர், தச்சர்கள் இருந்த ஊர், கிற்றாரும் வயலினும் இல்லாமல் கலியாணம் நடக்காத ஒரு சமூகமே இருந்த ஊர் மட்டக்களப்பு. அப்படியிருந்தும் இங்கே வாத்தியம் செய்யும் தொழில் ஏன் வேர்பிடிக்கவில்லை? இனிமேலாவது பிடிக்குமா?

போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பத்தாண்டுக் கோட்டை ஆட்சி விட்டுச்சென்ற மொழியும் இசையும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு கழிந்தும் டச்பாரிலும் மாமாங்கத்திலும் தன்னாமுனையிலும் உயிர்வாழ்வது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 2012 குடித்தொகை மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டப் பறங்கியர் மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியரில் பலர் சுதந்திரத்துக்குப் பிந்திய தசாப்தங்களில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கிழக்கின் போர்த்துக்கேயப் பறங்கியருக்கு அந்தக் கதவு அவ்வளவு இலகுவாகத் திறக்கவில்லை. அவர்கள் தச்சர்களாகவும் கொல்லர்களாகவும் தையற்காரர்களாகவும் இயந்திரம் திருத்துபவர்களாகவும் இங்கேயே இருந்தார்கள்.

மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே 'ஒல்லாந்தப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும்' என்பதுதான். 'மெக்கானிக்' என்பது கையால் வேலை செய்பவரைக் கோட்டு அணிந்த பறங்கியர் இழித்துச் சொன்ன சொல். கைத்தொழிலை இகழ்வதற்கு நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்றாலும், இங்கே அது இறக்குமதியாகவும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் டச்பாரைப் புரட்டிப்போட்டது. உயிர்களோடும் வீடுகளோடும் தச்சு ஆயுதங்களும் வாத்தியங்களும் போயின. அதன் பிறகு வந்த உதவிகளின் பட்டியலில் வீடு இருந்தது, படகு இருந்தது. சுவரில் தொங்கிய வயலினை யார் கணக்கில் எடுப்பது?

பிறகு ஆவணப்படுத்துபவர்கள் வந்தார்கள். கென்னத் டேவிட் ஜாக்சன் அதற்கு முன்பே இப்பாடல்களைத் தொகுத்து 1990இல் நூலாக்கியிருந்தார். அண்மைய ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கஃப்ரிஞ்ஞா, லான்சர்ஸ் ஆட்டங்களையும் ஒலியிலும் ஒளியிலும் பதிந்து ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பெறுமதியான வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிவுகளைப் பார்க்கிறபோது எனக்கு ஒரு கேள்வி வரும். குரல் பதியப்பட்டிருக்கிறது, கால் பதியப்பட்டிருக்கிறது. வாத்தியத்தைப் பிடித்திருக்கும் கை பதியப்பட்டிருக்கிறது. அந்த வாத்தியம் எங்கே செய்யப்பட்டது, உடைந்தால் யார் ஒட்டுகிறார்? அது யாருடைய ஆய்வுத் தலைப்பிலும் வராது.

ஒட்டுகிறவர் ஒருவரை வாவிக்கரைப் பக்கத்துப் பட்டறையொன்றில் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டியவர், கதவு நிலை, அலுமாரி, எப்போதாவது சவப்பெட்டி செய்கிறார். தாயார் போர்த்துக்கேயம் பேசியவர். இவருக்கு விளங்கும், பேச்சு தமிழில்தான். மூலையில் பாலம் எழும்பிய ஒரு கிற்றார் கிடந்தது. 'பாலம்' என்று நான் சொல்வது தந்திகளைக் கீழ்ப்பக்கத்தில் பிடித்திருக்கும் கட்டையை. "ஒட்டினா ஒரு மாசம் நிக்கும் தங்கச்சி, மறுகா எழும்பிரும். நைலோன் போடுற சாமானுக்குக் கம்பியைப் போட்டு முறுக்கினா என்ன செய்யிற?" என்றார். முன்பு யாரோ அந்தப் பாலத்தை இரண்டு ஆணியும் சுரையும் போட்டு இறுக்கியிருந்தார்கள். முன்பலகை அந்த இடத்தில் பிளந்திருந்தது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கிளாசிக்கல் கிற்றாரின் ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவையைத் தருகின்றன. உருக்குக் கம்பிகள் போட்டால் அது 70 கிலோவைத் தொடும். அந்த இழுவையைத் தாங்குவது 2 முதல் 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பலகை. தடிப்பைக் கூட்டினால் தாங்கும், ஆனால் பாடாது. குறைத்தால் பாடும், சில ஆண்டுகளில் வயிறு வீங்கிப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மயிரிழையில்தான் ஸ்பானியப் பட்டறைக்காரர்களின் முழுக் கலையும் நிற்கிறது.

அந்தக் கலையின் தலைமகன் என்று கருதப்படும் அன்ரோனியோ டி ரொறெஸ் 1817இல் அல்மேரியாவில் பிறந்தவர். இளவயதில் தச்சுத் தொழிலுக்குப் பழக விடப்பட்டவர். செவில் நகரில் பட்டறை வைத்திருந்தபோது, கிற்றார் கலைஞர் ஹூலியான் ஆர்காஸ் அவரை ஊக்குவித்தார். ரொறெஸ் கிற்றாரின் உடலைப் பெரிதாக்கினார். முன்பலகையை மெல்லியதாக்கி, அதன் உட்புறத்தில் விசிறி விரித்ததுபோல ஏழு மெல்லிய குச்சிகளை ஒட்டினார். விசிறிக் குச்சிகளை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே இருந்தன. அவற்றை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது அவர். இன்று நாம் கிளாசிக்கல் கிற்றார் என்று அறியும் வடிவம் பெரும்பாலும் அவருடையதே. அப்படிப்பட்டவர், பின்னர் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்துப் பிழைத்த காலமும் உண்டு. கிற்றார் மட்டும் சோறு போடவில்லை.

1862இல் அவர் செய்த ஒரு கிற்றாரைப் பற்றி மட்டக்களப்புத் தச்சர்கள் எல்லோரும் அறிய வேண்டும். அதன் முதுகும் பக்கங்களும் மரமல்ல, காகித அட்டை. முன்பலகை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரம். ஒலியை உண்டாக்குவது பிரதானமாக முன்பலகைதான் என்று காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் கிற்றார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 2018இல் பிரித்தானியாவின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் இதையே வேறு வகையில் சோதித்தார்கள். முதுகு, பக்க மரங்கள் மட்டும் வேறுபட்ட ஆறு உருக்குக்கம்பிக் கிற்றார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்து, மரம் தெரியாதபடி ஒட்டுவேலைக்காரர் கண்ணாடி அணிவித்து, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

இது ஏன் நமக்கு முக்கியம்? "ஸ்பானியக் கிற்றார்" என்று நாம் கொண்டாடும் பொருளில் ஸ்பெயினின் மரம் மிகக் குறைவு. முன்பலகை அல்ப்ஸ் மலைப் பக்கத்து ஸ்புரூஸ். 1960களில் மட்ரிட்டின் ஹோசே ரமிறெஸ் III பழக்கப்படுத்திய சிவப்பு சீடர் வட அமெரிக்காவிலிருந்து வருவது. கழுத்து மத்திய அமெரிக்க மரம், முதுகு பிரேசிலோ இந்தியாவோ, விரற்பலகை ஆபிரிக்காவோ இலங்கையோ. ஃபிளமெங்கோ கிற்றாரின் சைப்பிரஸ் மட்டும் அவர்கள் பக்கத்து மரம். ஸ்பெயினிடம் இருந்தது காடு அல்ல. வாசிப்பவரும் தச்சரும் ஒரே தெருவில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆர்காஸ் வாசித்துக் காட்டிக் குறை சொல்வார், ரொறெஸ் சீவுவார். அந்த நெருக்கம் மட்டக்களப்பில் நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது, ஒரே குடும்பத்துக்குள்ளேயே.

இன்னொன்று. ஸ்பானிய முறைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 'சொலெரா' என்று ஒரு பணிப்பலகை. அதன்மேல் முன்பலகையைக் கவிழ்த்து வைத்து, விசிறிக் குச்சிகளை ஒட்டி, கழுத்தின் அடிக்கட்டையில் இரு பக்கமும் வெட்டிய பிளவுக்குள் வளைத்த பக்கப்பலகைகளைச் செருகுவார்கள். முன்பலகையும் பக்கமும் சேரும் மூலையில் நகமளவு மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி விரலால் அழுத்தி ஒட்டுவார்கள். முதுகை மூடுவது கடைசியில். சீவுளி, உளி, வளைக்க ஒரு சூடான இரும்புக் குழாய், பசை, கயிறு. மேலே சொன்ன பட்டறையில் குழாயைத் தவிர அனைத்தும் இருக்கின்றன.

அப்படியானால் எது இல்லை? மற்ற ஊர்களைப் பார்த்தால் தெரியும்.

1879 ஓகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் போர்த்துக்கேயத் தீவான மடெய்ராவிலிருந்து ஹொனலூலுவுக்கு வந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களில் மூன்று தளபாடத் தச்சர்கள் இருந்தார்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்ரோ டியாஸ், ஹோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் கடை திறந்து, தங்கள் ஊரின் சின்னக் கிற்றாரை ஹவாயின் கோவா மரத்தில் செய்தார்கள். அதுதான் உக்குலேலே. ஹவாய் மன்னர் கலாகவா அதை அரண்மனைக்குள் எடுத்தார். பின்னர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் அதை வாங்கிப்போனார்கள். தச்சரின் கை ஒன்றுதான். மன்னரும் வாங்குபவரும் அங்கே கிடைத்தார்கள், இங்கே கிடைக்கவில்லை.

இன்னும் பொருத்தமான உதாரணம் பிலிப்பைன்ஸின் செபு. ஸ்பானியர் 1565இல் குடியேறிய இடம். பக்கத்து மக்டான் தீவில், சிறு பட்டறைகள் தலைமுறைகளாகக் கிற்றார் செய்கின்றன. அங்கே முதுகுக்கும் பக்கத்துக்கும் பெயர்பெற்ற மரம் என்ன தெரியுமா? பலா. நாம் கதவுக்கும் கட்டிலுக்கும், தஞ்சாவூரார் வீணைக்கும் பயன்படுத்தும் அதே பலா. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை ஒரு தமிழ்ப் பெருமையாக நாம் பகிர்ந்துகொள்கிறோம். அதே மரத்தில் மக்டான்காரர் கிற்றார் செய்து விமான நிலையத்தில் விற்கிறார்கள். காலநிலையும் ஏறத்தாழ நம்முடையதே.

காலநிலை சிறு விடயமல்ல. ஐரோப்பியப் பட்டறைகள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்து ஒட்டுகின்றன. வாடைக்காற்று மழைக்காலத்து மட்டக்களப்பில் அந்த எண் கனவு. அந்த வறட்சியில் ஒட்டிய தொழிற்சாலைக் கிற்றார் இங்கே வந்ததும் மரம் ஈரம் குடித்து வீங்குகிறது, முன்பலகை மேலெழுகிறது, விரல் வைக்கும் இடத்தில் தந்தி உயர்ந்துவிடுகிறது. கற்கத் தொடங்கிய பிள்ளை விரல் நோகிறது என்று வாத்தியத்தை மூலையில் வைத்துவிடும். பிள்ளைக்கு ஞானமில்லை என்று வீட்டார் முடிவு கட்டுவார்கள். இந்தக் காற்றிலேயே பதப்படுத்திய மரத்தில் இந்தக் காற்றிலேயே ஒட்டிய வாத்தியத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு. எதிர்ப்பக்கமும் உண்டு: அதையே குளிர்நாட்டுக்கு அனுப்பினால் காய்ந்து வெடிக்கும். ஆகவே "ஏற்றுமதி" என்று அமைச்சர்கள் வழக்கமாகச் சொல்லும் மந்திரத்தை இங்கே முதலில் ஓதக் கூடாது. நம் முதல் சந்தை தேவாலயப் பாடகர் குழுக்கள், பாடசாலைகள், கலியாண வீடுகள். கிற்றார் இன்று பறங்கியரின் சொத்து மட்டுமல்ல. மட்டக்களப்பில் அது இல்லாத தேவாலயத்தைத் தேடத்தான் வேண்டும்.

மரத்துக்கு என்ன வழி? முன்பலகைக்கான ஸ்புரூஸ் அல்லது சீடரை இறக்குமதி செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அது அரை மீற்றருக்குச் சற்று அதிக நீளமுள்ள, நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பலகைகள். தபால் பொதியில் வந்துவிடும். முதுகுக்குப் பலா, மகோகனி, பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் முதிரை, தேக்கு. அறுபது ஆண்டு கூரையில் காய்ந்த மரத்தை விறகு விலைக்குக் கொடுக்கும் ஊர் இது. உலகின் வாத்தியப் பட்டறைகள் அத்தகைய மரத்தைத் தேடித் திரிகின்றன. விரற்பலகைக்கும் கருங்காலி கட்டாயமில்லை. அமெரிக்காவின் ரெய்லர் கிற்றார் நிறுவனமும் ஸ்பெயினின் மதின்ரர் நிறுவனமும் 2011இல் கமரூனில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியபோது, பத்து மரங்களை வெட்டி, முழுக் கறுப்பான ஒன்றை மட்டும் எடுத்து, கோடு விழுந்த ஒன்பதையும் காட்டிலேயே விட்டுவரும் வழக்கத்தைக் கண்டார்கள். மரத்தில் குறையில்லை, வாங்குபவரின் கண்ணில்தான் குறை. அதன் பிறகு ரெய்லர் கோடு விழுந்த கருங்காலியையும் போட்டு விற்கத் தொடங்கியது. சட்டவிரோதமாக வெட்டிப் பிடிபடும் மரங்கள் நம் நீதிமன்ற வளவுகளில் மழையில் கிடந்து உக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிறு பங்கை, கணக்கு வைத்து, வாத்தியப் பட்டறைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை வனத் திணைக்களமும் அரச மரக் கூட்டுத்தாபனமும் யோசிக்கலாம். கள்ள மரத்துக்குச் சந்தை உருவாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் கணக்கு என்கிறேன்.

எனக்கு இதில் உள்ள உண்மையான தயக்கம் வேறு. பறங்கியர் என்றால் தச்சர், தச்சர் என்றால் பறங்கியர் என்று ஒரு சமூகத்தின் தலையில் மீண்டும் ஒரு தொழிலை எழுதுவது ஆபத்து. 'மெக்கானிக்' என்ற சொல்லின் காயம் இன்னும் முழுக்க ஆறவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கட்டார் போகவும் கணினி படிக்கவும் விரும்பினால் அது அவர்கள் உரிமை. கலாசார விழாக்களில் கஃப்ரிஞ்ஞாவை மேடையேற்றி, உடை உடுத்தி ஆடவைத்து, மாலை போட்டு அனுப்பிவிடும் நம் வழக்கத்துக்கு மரப் பட்டறை ஒன்று இன்னொரு காட்சிப்பொருளாகவும் ஆகிவிடலாம். ஆகவே இது சமூகத்தின் பெயரால் அல்ல, தொழிலின் பெயரால் நடக்க வேண்டும். ஆரையம்பதித் தச்சரின் மகளும் காத்தான்குடித் தளபாடக் கடைக்காரரின் மகனும் வரக்கூடிய மேசையாக அது இருக்க வேண்டும்.

அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அது வெளிவந்த சில வாரங்களில் இறந்தார். தந்தியின் நீளத்தையும் சுரத்தையும் கணக்குப் போட்ட அந்த மனிதர் செய்தது, வாத்தியப் பட்டறைக்காரரின் வேலையில் பாதி. அவர் பெயரால் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் நிற்கிறது. இசையும் நடனமும் கட்புலக் கலையும் கற்பிக்கும் அந்த வளவில் மற்றப் பாதிக்கும் ஓர் அறை கொடுக்கலாம். சென்னையில் 'உரு' பட்டறையின் தருண் சேகர் யாழைத் திரும்பவும் மரத்தில் செய்து வாசிக்கவும் வைத்துவிட்டார். நாம் இன்னும் அடிகளாருக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த அறையில் கிற்றார் செய்வதில் தொடங்க வேண்டியதுமில்லை. திருத்துவதில் தொடங்கலாம். எழும்பிய பாலத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, சரியாக ஒட்டப் பழகுகிறவர் அந்த வாத்தியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நூறு முறை பார்த்துவிடுவார். 1932இல் மட்ரிட்டில் பிறந்து, தளபாடத் தச்சராக வளர்ந்து, இங்கிலாந்தில் தொழிலாளியாகக் குடியேறி, பின்னர் ஜூலியன் பிறீமுக்குக் கிற்றார் செய்து உலகப் புகழ்பெற்ற ஹோசே ரொமானில்லோஸ் பெரும்பாலும் தானாகவே கற்றவர். ரொறெஸின் வரலாற்றை எழுதியவரும் அவரே.

தானாகக் கற்பதை விரைவாக்க ஓர் ஆசிரியர் மூன்று மாதம் வந்தால் போதும். போர்த்துக்கல் இந்த மொழியைப் பதிய அறிஞர்களை அனுப்பியிருக்கிறது. அந்த நாட்டுக்கும் தனக்கென்று ஒரு கிற்றார் மரபும் பட்டறைகளும் உண்டு. அடுத்த முறை லிஸ்பனிலிருந்து யாராவது மட்டக்களப்புக்கு வரும்போது, பறங்கியர் சங்கமும் பல்கலைக்கழகமும் கேட்க வேண்டியது ஒலிப்பதிவுக் கருவியோடு இன்னொருவரை அல்ல, சீவுளியோடு ஒருவரை. அவர் வந்தால் அவரோடு அரைகுறையாகவாவது அவர் மொழியில் பேசக்கூடிய முதியவர்கள் டச்பாரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.